சோதித்தவர் எண் 14

"தண்ணி சொட்டலை. அது நம்ம மூச்சுக்காத்து" என்றார் டுவைட்.

"மூச்சுக்காத்தா?"

"ஆமா. மூடின இடத்துல ரெண்டு பேர் தூங்கினா, மூச்சு குளிர்ந்து தண்ணியாயிடும். எல்லா கேம்பர்லயும் உண்டு."

"என் மூச்சு கூரைக்குப் போய், யோசிச்சுப் பார்த்துட்டு, சரியா என் காதுக்குள்ள வந்து விழுந்துச்சாக்கும்" என்றாள் நடீன், தலையணையைப் பிழிந்தபடி.

மொன்டானா ஏரிக்கரை முகாமில், ராத்திரி மழைக்குப் பிறகு, அது அவர்களுக்கு முதல் காலை. அவர்களுடைய கேம்பர், பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைத்த குட்டி வீடு. அடுப்பு, மேஜை, அலமாரி எல்லாம் உண்டு. படுக்கை மட்டும் டிரைவர் தலைக்கு மேலே. சமையலறையைப் புதுப்பிக்க நடீன் பத்து வருஷமாகச் சேர்த்த பணம், டுவைட்டின் வாய் சாமர்த்தியத்தால் இப்படிச் சக்கரத்தில் ஏறியிருந்தது.

"பழசுன்னு பாதி விலைக்கு வாங்கினேன் நடீன். இதைப் போல உறுதியான வண்டி இன்னொண்ணு காட்டு பார்ப்போம்."

"மூணு மணிக்கு மழையாம். இன்னும் ஒரு சொட்டு என் மேல விழட்டும். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீ இதை வித்து என் சமையலறையைக் கட்டி முடிச்சதும் கூப்பிடு."

டுவைட் வானத்தைப் பார்த்தார். வானம் அவர் பக்கம் இல்லை.

அந்த நேரம் பார்த்து, அடுத்த இடத்தில் தனியாக முகாமிட்டிருந்த வெர்லின் வந்து சேர்ந்தார். எழுபத்தைந்து வயசிருக்கும். முகாம்களில் ஒருவர் வண்டியை மற்றவர் சுற்றிப் பார்ப்பது வழக்கம்தான். "அம்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவதும் வழக்கம்தான். இவர் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு விறுவிறுவென்று உள்ளே ஏறி, நேராகத் துணி அலமாரியைத் திறந்தார்.

"பெரியவரே, அது என் மனைவி துணி வைக்கிற இடம்."

வெர்லின் காதில் வாங்கவில்லை. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது. சோதித்தவர் எண் 14.' கீழே ஒரு தேதியும் கையெழுத்தும்.

"பார்த்தீங்கல்ல?" என்றார் டுவைட் பெருமையாக. "கம்பெனி ஆள் அங்குலம் அங்குலமா பார்த்துப் போட்ட கையெழுத்து."

"இந்தப் பதினாலு ஒரு சோம்பேறிக் கழுதை" என்றார் வெர்லின்.

"என்ன சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை வண்டி இது. ஃபேக்டரியில அன்னிக்கு முடிக்கவேண்டிய வண்டிங்களை முடிச்சா, எவ்வளவு சீக்கிரமானாலும் வீட்டுக்குப் போகலாம். மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு மீன் பிடிக்கக் கிளம்பிடுவானுங்க. பதினாலு காபி குடிச்சுக்கிட்டே ஸ்டிக்கர்ல கையெழுத்துப் போட்டிருப்பான். கூரை மேல ஏறியே இருக்க மாட்டான்."

டுவைட்டுக்கு எல்லாம் புரிந்துபோனது. மனைவியைத் தனியே இழுத்தார்.

"வேற கம்பெனி ஏஜென்ட் இவன். பயமுறுத்தி, நம்ம தலையில புது வண்டியைக் கட்டுவான் பாரு. நான் போய் முகாம் மேனேஜர்கிட்ட புகார் கொடுத்துட்டு வரேன்."

மேனேஜர் படகில் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து, கோபத்தையெல்லாம் கொட்டிவிட்டு டுவைட் திரும்பினால், வெர்லின் கூரை மேல் இருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நடீன்.

"நான்தான் ஏறச் சொன்னேன்" என்றாள், அவர் வாயைத் திறக்குமுன்.

"கூரை ஜன்னல் மூடியில எட்டு ஸ்குரு இருக்கணும்மா" என்று மேலிருந்து குரல் வந்தது. "அஞ்சுதான் இருக்கு. ஒரு பக்கம் ஒழுகாம அடைக்கிற பசை, சீலன்ட், வைக்கவே இல்லை. பதினாலு நாசமாப் போக."

முட்டி வலிக்குது என்று முனகிக்கொண்டே இரண்டு மணி நேரம் உழைத்தார். தன் ஸ்குரு, தன் சீலன்ட். பில் வரும் என்று டுவைட் பர்ஸோடு தயாராக நின்றார். வெர்லின் ஒரு காபி மட்டும் கேட்டார்.

சொன்னபடி மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நடீன் படுக்கையில் மல்லாந்து படுத்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவைட் கூரையைப் பார்க்கவில்லை. நடீன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு சொட்டு விழவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் டுவைட். "உறுதியான வண்டி."

கதவு தட்டப்பட்டது. சொட்டச் சொட்ட நனைந்தபடி வெர்லின்.

"காஞ்சு இருக்கா?"

"சருகு மாதிரி காஞ்சு கிடக்கு" என்று துண்டை நீட்டினாள் நடீன். "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பதினாலு மேல உங்களுக்கு அப்படி என்ன பகை? முன்னப்பின்ன தெரியாத எங்களுக்காக இந்த வயசுல ஏணி ஏறறீங்களே."

வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி அதே அலமாரியைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஸ்டிக்கரின் அடியில் இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நடீன் எட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கையெழுத்து.

"மேல இருக்கறது பார்க்காம போட்டதும்மா" என்றார் வெர்லின். "கீழ இருக்கறது பார்த்துட்டுப் போட்டது."