முப்பத்தேழாவது விசில்

சத்தமில்லாத குக்கர்கள் வந்தபின், விசிலை எண்ண முடியாமல் ஊரே சோற்றைக் குழையவிட்டது. விசில் சத்தம் செய்து தரச் சொல்லிக் குக்கர் கம்பெனி இதழினியிடம் வந்தது. வயர்களை மாற்றிச் செருகி விதவிதமான ஒலி எழுப்பும் மாடுலர் சிந்தசைசரை ஊரில் வாசிக்கும் ஒரே பெண் அவள். அவள் இசையை அவள் அம்மாவே முழுதாகக் கேட்டதில்லை.

இதுவரை முப்பத்தாறு விசில்கள் திரும்பி வந்துவிட்டன.

"போன விசில் நாய் ஊளை மாதிரி இருந்துச்சு மேடம்," என்றார் மேலாளர் தொலைபேசியில். "இதுவும் சரியில்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

இதழினி சிவப்பு வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். விசில் மூன்று முறை சீறியது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"ஏண்டி, மூணு விசில் வந்தாச்சு. அடுப்ப அணைக்காம உள்ள என்ன பண்ற?" என்றாள் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா.

"போய்க் கதவத் திறங்க மேடம்," என்றார் மேலாளர். "இதையே வச்சுக்கறோம்."