பாதி ஏற்றத்தில் ஓர் இருக்கை

நகரத்து நடைபாதைகளில் எங்கெங்கே இருக்கைகள் போடலாம் என்று திட்டமிடுவது அவள் வேலை. விளக்குக் கம்பங்களில் உள்ள கருவிகள், மக்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும். அந்தத் தகவலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதை வைத்தே இடங்களைக் குறித்து முடித்துவிட்டாள். ஒரே ஓர் இருக்கைதான் மிச்சம்.

மருத்துவமனைக்கு ஏறும் சாலையில், பாதி ஏற்றத்தில், தினமும் மதியம் ஒருவர் நெடுநேரம் நிற்பதாக வரைபடம் காட்டியது. ஒரு மதியம் பொறியாளரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அங்கே ஈ காக்காய் இல்லை. ஆனால் அவள் கைபேசியில், அவர்கள் இருவருக்கும் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு புள்ளி நின்றது.

"கருவி கோளாறும்மா. பேசாம பஸ் ஸ்டாப்புல போடு. இங்க போட்டா ஊரே சிரிக்கும்."

"கோளாறாவே இருக்கட்டும் அண்ணே. பாவம், தினமும் களைச்சுப்போய் நிக்குதே. உக்காரட்டும்."

"நல்லா இருக்கு போ! கோளாறுக்கு பெஞ்ச் போட்ட மொத ஆளு நீதான்."

தாகம் என்று வந்தவரிடம் பெயரைக் கேட்டுவிட்டா தண்ணீர் கொடுக்கிறோம்? கடவுளை வேண்டிக்கொண்டு, அங்கேயே போடச் சொல்லிவிட்டாள்.

மறு வாரம், கொட்டும் மழையில், அதே மதிய நேரத்தில் இருவரும் பார்வையிடப் போனார்கள். புது இருக்கையின் பலகை நனைந்து நீர் சொட்டியது. ஓர் ஓரத்தில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, பொட்டு ஈரம் இல்லை.

பொறியாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் குடையை மெல்ல அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க" என்றார். அவருடைய தோள் நனைந்துகொண்டிருந்தது.