பின்பாக்கெட் வைத்த பை

பால்வாடிச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு பை. அவற்றில் ஒரு பை மட்டும் தினமும் சுவரைப் பார்த்தே தொங்கும்.

அப்பாவின் பழைய பேண்ட்டை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்த பை அது. பின்பாக்கெட் அப்படியே முன்னால் இருந்தது. அது யார் கண்ணிலும் படக்கூடாதென்று தேன்மலர்தான் பையைத் திருப்பி மாட்டுவாள்.

"ஏய் பேண்ட்டு!" என்றது பக்கத்து ஆணியில் தொங்கிய, பொம்மைப்படம் போட்ட கடைப்பை. "உன்னைத் தூக்கிட்டு வர்ற பிள்ளையே உன்னால வெட்கப்படுது. உனக்கெல்லாம் எதுக்குடி ஆணி?"

பைக்குச் சுருக்கென்றது. "நான் என்ன திருடியா வந்தேன்? எனக்கொண்ணும் வெட்கமில்லை."

"அப்படின்னா திரும்பித்தான் காட்டேன்!"

"இதோ பாருடி."

ஃபேன் காற்று வந்த நேரம் பார்த்து, மூச்சைப் பிடித்து ஒரே வீச்சாகத் திரும்பியது பை.

"ஐயே, பேண்ட்டு! பேண்ட்டு!" பிள்ளைகள் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

தேன்மலர் கண் கலங்க ஓடிவந்து பையைப் பழையபடி திருப்பப் பார்த்தாள். பை ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மாட்டேன் கண்ணு. மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு ஒட்டுது."

பாக்கெட் முழுக்க வெள்ளை வெள்ளையாய் இருந்தது. தேன்மலர் உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள்.

"ஆமா, எங்கப்பா பேண்ட்டுதான். எங்கம்மா தைச்சது. அதுக்கு என்ன இப்ப?"