நூற்று நாற்பத்தேழு மீற்றர்

கடைசி வளைவில் மேரிசெலினுக்கு முழங்கால் நடுங்கியது.

கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஐம்பது படி இருக்கும். எல்லாப் படியிலும் பனி.

ஹிம்மல்பியர். வானமலை என்று டெனிஷ்காரர் பெரிதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர். நுவரெலியாவைக் கண்டவர்கள் இதை மலை என்று சேர்க்கவே மாட்டார்கள். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டைத் தரையைப் பார்த்த மேரிசெலின் சேர்த்துக்கொண்டாள்.

பனி மூடிய ஒரு மலையின் உச்சியில் நிற்க வேண்டும். வந்த முதல் குளிர்காலத்திலிருந்து இந்த ஒரே ஆசைதான். கணவன் பீற்றரிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

"பனி கரையட்டும், பாப்பம்."

கரைந்த பிறகு போய் எதைப் பார்ப்பது? அது அந்த மனுசனுக்கு விளங்காது.

இன்று காலை மகள் தர்ஷனா தன் காரில் தகப்பனைப் பிரெடெரிசியாவுக்கு, பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் முடக்கில் திரும்பும்வரை ஜன்னலில் நின்ற மேரிசெலின், உடனே சப்பாத்தைக் கொழுவினாள்.

மூன்றரைக்கு இருட்டிவிடும். மூச்சை இழுத்துக்கொண்டு ஏறினாள்.

உச்சி. செங்கல் கோபுரம். கீழே ஏரியும் காடும் வெள்ளையாய்க் கிடந்தன.

"இயேசுவே!" என்று கத்தினாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தடுக்கவில்லை.

படம் எடுத்து பீற்றருக்கு அனுப்பினாள். அரை நிமிடத்தில் போன் அடித்தது.

"தர்ஷனா இஞ்ச என்னோட நிக்கிறாள். உம்மை ஆர் அங்க கூட்டிக்கொண்டு போனது?"

மேரிசெலின் போனைக் காதில் வைத்தபடியே கோபுரத்துக்குப் பின்னால் இருந்த தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

பீற்றரின் சாம்பல் நிறக் கார் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாய் நின்றது. காரை அங்கே விட்டுவிட்டு, ஏறாவிட்டால் மலை கணக்கில் வராது என்று ஏரிவரை இறங்கித் திரும்ப ஏறியிருந்தாள்.

ஐந்தாம் தடவையில் பாஸ் பண்ணிய லைசென்ஸ் இரண்டு மாதமாகக் கைப்பையில் கிடந்தது. கார்த் திறப்பைக் கேட்டபோதெல்லாம் பீற்றர் சொன்னதும் அதே வசனம்தான். இன்று திறப்பு வீட்டில் ஆணியில் தொங்கியது. முழங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏற்றத்தால் அல்ல, ஐம்பது கிலோமீற்றர் பனி வீதியால்.

கதவைத் திறந்து ஹோனை ஒருதரம் நீளமாக அடித்தாள். தன் காரின் சத்தம் பீற்றருக்குத் தெரியும்.

பீற்றரின் குரல் இறங்கியது.

"அப்ப... இஞ்சால வந்து என்னையும் ஏத்திக்கொண்டு போமன்."

மேரிசெலின் ஆசனத்தில் ஏறி, பெல்ற்றைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"பனி கரையட்டும்," என்றாள்.