எவன் எழுதின புரோகிராம்?

"இந்தக் கண்றாவியை எவன் எழுதினது?"

வேலுமணி சார் கேட்டதும் அந்த மாடி ஆபீசில் கீபோர்டு சத்தம் நின்றது. நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. வேலைக்கு இருப்பது இரண்டே பேர்.

அதில் ஒருவரான கொளஞ்சியப்பன் எழுந்து நின்றார். "நான்தாங்க சார்."

"நினைச்சேன்."

இன்னொருத்தி வெண்மதி. வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் கொளஞ்சியப்பன் இப்படி எழுந்து நிற்பதை அவள் பார்ப்பது இது நாலாவது தடவை.

சேத்தியாத்தோப்பு ரோட்டில் அறிவுச்செல்வன் என்பவர் லாரிகளுக்கு எடைமேடை வைத்திருக்கிறார். லாரி நம்பரைத் தட்டினால் அதன் காலி எடையைத் தேடிச் சொல்ல வேண்டியது இவர்கள் கொடுத்த புரோகிராம். அது தேடியது. டிரைவர் இறங்கி, டீ குடித்து, ஊருக்குப் போன் போட்டு, திரும்பி வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தது.

காலையில் அவர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "பதினாலு லாரி நிக்குது. கடைசி லாரி பஸ் ஸ்டாப்பையே மறைச்சிக்கினு நிக்குது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வேலுமணி சார் திரையில் விரலை வைத்தார்.

"ஏப்பா, ஒரு நம்பரைத் தேட நாப்பதாயிரம் வரியையும் படிக்குது. சரி, படிக்கட்டும். ஒவ்வொரு வரியையும் படிச்சதும் மறுபடி முதல் வரியிலேர்ந்து எதுக்குப் படிக்குது?"

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துக்கலாம்னுதாங்க."

"ரெண்டு தடவையா? நாப்பதாயிரம் தடவை. வெண்மதி, நீ பாரும்மா. இவன் கை பட்டா இன்னும் கெட்டுப்போயிரும்."

கொளஞ்சியப்பன் உட்கார்ந்து, பாதியில் விட்ட பருப்பு வடையைத் தொடர்ந்தார். இந்த மனுஷனுக்குக் கொஞ்சம்கூடவா கூச்சம் கிடையாது என்று வெண்மதிக்கு எரிச்சலாக வந்தது.

வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லா லாரியையும் ஒரு தடவை நம்பர் வரிசையில் அடுக்கினாள். தேடும்போது நேராக நடுவில் பார். நம்பர் அதற்குக் கீழே இருந்தால் மேல்பாதியை விட்டுவிடு. மிச்சத்திலும் நடுவில் பார் என்று மாற்றி எழுதினாள். நாற்பதாயிரம் இருந்தாலும் பதினாறு தடவை பார்த்தால் போதும்.

மூன்று மணிக்கு அறிவுச்செல்வன் கூப்பிட்டார். "லாரி ஏறி நிக்கறதுக்குள்ள எடை வந்துடுதுங்க. இப்ப டீக்கடைக்காரன்தான் என்கிட்ட சண்டைக்கு வர்றான்."

பிழைப்பு தப்பியது. ஆனால் வெண்மதிக்கு ஒரு சந்தேகம். பழைய புரோகிராமில் கணக்குகளைப் போட்டு வைக்கும் இடத்துக்கெல்லாம் ப்ரியா1, ப்ரியா2, ப்ரியா3 என்றே பேர் வைத்திருந்தது. ஏழு ப்ரியா வரைக்கும் எண்ணிவிட்டு அவள் கேட்டாள்.

"யாருண்ணா அந்த ப்ரியா?"

கொளஞ்சியப்பன் முதலாளி ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "மெதுவா பேசும்மா. சாரு பொண்ணு சண்முகப்ரியா இல்ல? அது பொறந்த வருசம் சாரு எழுதின புரோகிராம் அது."

"சார் எழுதினதா? கம்ப்யூட்டர் உங்க பேரைத்தானே காட்டுது."

"நாலு வருசத்துக்கு முன்ன எல்லாத்தையும் புது கம்ப்யூட்டர்ல ஏத்தினது நானு. அதுலேர்ந்து எந்த வரியை யாரு எழுதினதுன்னு பாத்தாலும் எம்பேருதான் வரும்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"தன்னைப் பெரிய கைகாரர்னு நெனைச்சிக்கினு இருக்காரும்மா. அவரு எழுதினதுன்னு தெரிஞ்சா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அதோட, நானே திருத்தறேன்னு உக்காந்துடுவாரு. அப்புறம் அதை யாரு திருத்தறது?"

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை. ஆறு மணிக்குக் கொளஞ்சியப்பன் கம்மாபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும் முதலாளி ரூமுக்குள் போய் நின்றாள்.

"சார், அந்த எடைமேடை புரோகிராம்..."

"கொளஞ்சி எழுதலைன்னு சொல்ல வந்தியா கண்ணு?"

வெண்மதி தலையாட்டினாள்.

"நான் எழுதினதுதான். பெத்த பொண்ணு பேரு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சார் அண்ணனைப் போட்டுத் திட்டுறீங்க?"

வேலுமணி சார் எழுந்து, மாடிப்படியில் யாரும் இல்லையென்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாலு வருஷமா எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டு நிக்கறான். திடீர்னு திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிருவான். பாவம், அவன் மனசு ஒடஞ்சு போயிருமில்ல?"