கடைசி மேடு

மலையூர்களுக்கு நைட்டி விற்கப் போகும் ஞானமுத்துவின் பைக், மூட்டையோடு மனைவியையும் சுமந்து கடைசி மேட்டில் ஏறாது. வருஷக்கணக்காக அமலி அங்கே இறங்கித்தான் நடந்தாள். அவன் மேலே போய்க் காத்திருப்பான். அவள் மூச்சு வாங்க வந்து சேர்வதைப் பார்க்கச் சகிக்காமல், நேற்று பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, பெரிய ஸ்பிராக்கெட்டாக மாட்டினான்.

"வேகம் குறைஞ்சிரும்ணே. ஆனா எந்த மேட்டுலயும் இழுக்கும்," என்றான் மெக்கானிக்.

இன்று மேடு வந்ததும் அமலி வழக்கம்போல அவன் தோளைத் தட்டினாள்.

"உக்காரு. இனிமே நீ இறங்கவே வேணாம்."

வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. பாதி மேட்டில் மறுபடியும் தட்டினாள்.

"நிறுத்துங்க."

"ஏன், நல்லாத்தானே இழுக்குது?"

"வீட்டுல உங்க அம்மாவும் பிள்ளைகளும். ரோட்டுல நீங்களும் மூட்டையும். நான் தனியா இருக்கறது இந்த மேட்டுல மட்டுந்தான்."

இறங்கி, சேலையை உதறிவிட்டு நடந்தாள். விட்டுப் போக மனமில்லாமல் முதல் கியரிலேயே பக்கத்தில் ஊர்ந்தான். முன்பென்றால் இந்த வேகத்தில் எஞ்சின் அணைந்திருக்கும். இப்போது வண்டி அவள் நடைக்கு ஈடாக அலுக்காமல் வந்தது.

"எப்பவும் போல மேல போய் நில்லுங்க," என்றாள், திரும்பாமல்.