ஏழாவது விதி

காவலாளி கம்பை நீட்டிப் போர்டைக் காட்டினார்.

"ஏழாவது விதியைப் படிங்க சார். அப்புறமா பிளேனை எடுங்க."

விமானக்காரர் படித்தார். படிக்கப் படிக்க முகம் கடுகடுவென்று ஆனது.

பூங்காவில் ரிமோட் விமானம் விடுகிறவர்களுக்கான புது விதிமுறைகள். நேற்று மாலைதான் போர்டை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கால் கிலோவுக்கு மேல் எடை கூடாது, மர உச்சியைத் தாண்டக் கூடாது, குளத்துக்கு மேலே பறக்கக் கூடாது என்று ஆறு வரைக்கும் அவருக்கு ஒரு வம்பும் இல்லை. ஏழாவதுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

'தனி ஆளாக விமானம் விடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நின்று, யாராவது வந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும்.'

எழுத்து கொஞ்சம் கோணல். பெயிண்டருக்கு என்ன அவசரமோ. அந்த ஒரு வரியின் நீலம் மட்டும் இன்னும் ஈரமாகப் பளபளத்தது. பனியில் காயாமல் இருந்திருக்கும் என்று காவலாளி நினைத்துக்கொண்டார்.

"வீட்டுலயே பேச்சுவார்த்தை இல்ல. துணைக்கு நான் யாரைங்க கூப்பிடுவேன்?"

கேட்டது நியாயம்தான். கதை முழுக்கக் காவலாளிக்குத் தெரியும். நாற்பது நாளைக்கு முன்னால், பயணம் போய்த் திரும்பிய மனைவியை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டிய மனுஷன், இதே புல்வெளியில் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த அம்மா இரண்டு பெட்டிகளோடு மழையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அன்றைக்கு மூடிய வாய்தான். இவர் மன்னிப்புக் கேட்டதெல்லாம் சுவரிடம் கேட்ட மாதிரி.

ஜோடியாக நடந்தவர்கள் இப்போது பூங்காவை ஆளுக்கொரு திசையில் சுற்றுகிறார்கள். எதிரெதிரே வரும்போது இவர் தரையைப் பார்ப்பார், அந்த அம்மா மரத்தைப் பார்ப்பார். கோபமெல்லாம் எப்போதோ ஆறியிருக்கும். ஆனால் முதலில் வாயைத் திறந்தால் தோற்றது போல் ஆகிவிடுமே! காவலாளிக்கே பாவமாக இருந்தது.

இன்று கேட் திறந்ததும் முதலில் நுழைந்தது அந்த அம்மாதான். தோளில் ஒரு துணிப்பை. நடக்க வருகிறவருக்குப் பை எதற்கு? பேசாதவரிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று காவலாளி விட்டுவிட்டார்.

"எந்த மடையன் இந்தச் சட்டத்தைப் போட்டான்? ஆர்டரைக் காட்டுங்க, பாக்கலாம்!" என்று விமானக்காரர் கத்தினார்.

சட்டம் என்றால் காவலாளிக்கு உயிர். விடுவிடுவென்று தன் கூண்டுக்குப் போய், ஆபீஸ் அனுப்பிய தாளை எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

ஆறுதான்.

அடக் கடவுளே, ஒரு மனுஷனை அநியாயமாகத் தடுத்துவிட்டோமே! தாளும் கையுமாக ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

அதற்குள் விமானம் பறந்துகொண்டிருந்தது. விமானக்காரருக்கு இரண்டடி தள்ளி அந்த அம்மா நின்றிருந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு, சட்டத்துக்காக மட்டும் நிற்கிற மாதிரி.

சைக்கிளில் ஒரு சின்னப் பெண் குறுக்கே வந்தாள்.

"ஏங்க, பாப்பா வருது! மேல தூக்குங்க!"

விமானக்காரரின் கை தானாகத் தூக்கிவிட்டது. விமானம் பாப்பாவுக்கு வெகு உயரத்தில் தாண்டிப் போனது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. நாற்பது நாள் கழித்துக் கேட்ட குரல். ரிமோட்டைப் பிடித்தபடி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விமானம் தன்பாட்டுக்குப் போய் வேலிச் செடியில் சொருகிக்கொண்டது.

"என்னை ஏன் பாக்கறீங்க? பிளேனைப் பாருங்க!"

அதட்டிய வேகத்திலேயே அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்களில் நீலப் பெயிண்ட்.

காவலாளி விரல்களைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பிறகு நேராகப் போய்ப் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டார். ஏழாவது விதி காய இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை யாரும் கை வைத்துவிடக் கூடாது.